ஏரிக்கரைத் தொழு

சிறியவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் பின்னால் நின்றாலும் கேட்கும்.

கடல் இப்போது இருக்கும் இடத்திலிருந்து அரைக் காதம் தள்ளி இருந்த காலம். பவளத்துறை என்றொரு ஊர். அந்த ஊருக்குக் கடம்பராயன் என்றொரு ராசா. நல்ல ராசாதான். ஆனால் எதையும் தானே போய்ப் பார்க்க மாட்டார். ஓலையில் எழுதி வந்தால் படிப்பார், படித்துவிட்டு அடியில் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவார்.

ஊருக்கு மேற்கே ஒரு ஏரி. ஏரிக்கரையில் ஆவுடையாளின் தொழு.

தொழு என்றால் மாடு கட்டும் இடம். சில ஊர்களில் கொட்டில் என்பார்கள், சில ஊர்களில் தொழுவம் என்பார்கள். பவளத்துறையில் தொழு. கைகூப்பிக் கும்பிடச் சொல்வதற்கும் அதே சொல்தான்: தொழு. ஒரு சொல்லுக்கு இரண்டு வீடு. அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒருவன் வழி தவறிப் போனதால் வந்தது இந்தக் கதை.

ஆவுடையாளுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் அம்மை கண்டு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பிள்ளை இல்லை. பதினொரு மாடுகள் இருந்தன. பால் தருவது நான்கு. சினையாக இரண்டு. வற்றிப்போனவை மூன்று. கிழம் ஒன்று. மற்றொன்றுக்கு முன்னங்கால் ஊனம். அதை நொண்டிச்சி என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் கோபித்துக்கொள்ளாமல் வரும்.

இரண்டு வருஷமாக மழை இல்லை. கிணறுகள் உப்புக் கரித்தன. ஏரி சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு குட்டை அளவுக்கு வந்துவிட்டது.

ராசா மூன்று பேரைக் கூப்பிட்டார். சிவன் கோயில் குருக்கள் ஒருவர். பள்ளிவாசலில் தொழவைக்கும் லெப்பை ஒருவர். தேவமாதா கோயில் உபதேசியார் ஒருவர்.

"மூன்று பேரும் தொழுகிறீர்கள். மூன்று பேரும் மழை கேட்கிறீர்கள். மழை வரவில்லை. ஒருவர் தொழுவதாவது சரியாக இருந்தால் வந்திருக்கும் அல்லவா? யார் தொழுவது சரி என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

ராசாவின் தலைமை மந்திரியான பிரதானி மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார். யாரைத் தொழுகிறாய்? எப்படித் தொழுகிறாய்? எதற்காகத் தொழுகிறாய்? யாருடைய பதில் ராசாவின் மனதுக்குச் சரியென்று படுகிறதோ, அவருக்கு ஏரியும் ஏரிக்கரையும் மானியம். மற்றவர்கள் அவரைக் கேட்டுத்தான் தண்ணீர் மொள்ள வேண்டும்.

மறுநாளிலிருந்து அரண்மனையில் வாதம் தொடங்கியது. காலையில் கூடினால் வெயில் தாழ்ந்துதான் கலைந்தார்கள்.

ஆவுடையாள் மூன்று வீட்டுக்கும் பால் ஊற்றுகிறவள். விஷயம் அவள் காதில் விழ ஒரு நாள்கூட ஆகவில்லை. விழுந்ததும் பால்செம்போடு முதலில் குருக்கள் வாசலில் நின்றாள்.

"ஏன் சாமி, ஏரி உங்களுக்குக் கிடைச்சா என் தொழுவை என்ன செய்வீங்க?"

"கிடைச்சா என்னடி, கிடைச்சாச்சுன்னே வச்சுக்கோ" என்றார் குருக்கள். "அந்த எடத்துல நந்தவனம் போடறேன். அலரியும் செவ்வந்தியுமா நிக்கப் போறது. உன் மாடு நுழைஞ்சா ஒரு மொட்டு மிஞ்சுமா? வேற எடம் பார்த்துக்கோ."

லெப்பை வீட்டு வாசலில் நின்றாள்.

"வழிப்போக்கருக்கு ஒரு சாவடி, தொழுமுன்னால கைகால் கழுவி ஒளு எடுக்க ஒரு படித்துறை. நல்ல காரியம்தானே ஆவுடை?"

"நல்ல காரியம்தான் லெப்பை ஐயா. என் தொழு?"

"அல்லாஹ் ஒனக்கு வேற எடம் காட்டுவான்."

"காட்டுவான். அங்கே தண்ணி இருக்குமா?"

லெப்பை தாடியைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

உபதேசியார் வீட்டு வாசலில் நின்றாள்.

"தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு வீடு கட்டணும்மா. பக்கத்துல சின்னதா ஒரு கோயில்."

"பிள்ளைங்க பால் குடிக்குமே ஐயா. மாடு பக்கத்துலயே நின்னா நல்லதுதானே?"

"சாணி நாத்தம் பிள்ளைகளுக்கு ஆகாது."

"ஆண்டவரே மாட்டுத் தொழுவுலதான் பொறந்தார்னு போன மார்கழியில நீங்கதானே சொன்னீங்க?"

"அது வேற" என்றார் உபதேசியார். செம்பை வாங்கிக்கொண்டார்.

மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. மூன்று பேர் நினைத்ததும் நல்ல காரியம்தான். மூன்று பேருக்கும் ஏரி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆவுடையாள் நடந்துகொண்டே யோசித்தாள். அடுத்த தண்ணீர் கருங்குளத்தில் இருக்கிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் இரண்டு நாள் நடை. நொண்டிச்சி அரை நாள் நடக்காது. கிழம் ஒரு நாள் நடக்கும், பிறகு படுத்துவிடும். சினைமாடுகள் இந்த வெயிலில் என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. ஏரி போனால் தொழு போகும். தொழு போனால் பதினொன்றில் பாதி வழியிலேயே விழும்.

இரண்டு நாள் கழித்து முரசு அறைபவர் ஏரிக்கரைக்கு வந்தார். காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. அதற்கு எதிராக நின்று அவர் கத்தினார்.

"அவரவர் தொழுமிடத்தை அரண்மனைச் சாவடியில் வந்து பதிந்துகொள்ள வேண்டும்! பதியாத எதுவும் ஏரிக்கரையில் நிற்கக் கூடாது! ராசா உத்தரவு!"

ராசா சொல்லச் சொன்னது கும்பிடும் இடத்தை. எந்தத் தெய்வமும் விட்டுப்போகக் கூடாது, எல்லோரிடமும் அதே மூன்று கேள்வியைக் கேட்டு எழுத வேண்டும் என்று பிரதானி செய்த ஏற்பாடு அது. ஆவுடையாள் காதில் விழுந்தது தொழு இடம். அவளுக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. பதிந்துவிட்டால் தொழுவை யாரும் அசைக்க முடியாது அல்லவா? மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, முகம் கழுவி, கிழியாத சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு சாவடிக்கு நடந்தாள்.

சாவடியில் ஓலை எழுத வீழிநாதன் என்பவன் இருந்தான். ஆற்றுப் பாசன நாட்டிலிருந்து வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் ஊரில் மாடு கட்டும் இடத்துக்குக் கொட்டில் என்று பெயர். காலையிலிருந்து எண்பது பேர் வந்து போய்விட்டார்கள். வேப்பமரத்தடிக் கல், கடற்கரைச் சூலம், எல்லைக் கருப்பு என்று எழுதி எழுதி அவன் விரல் மரத்துப் போயிருந்தது. தலையைத் தூக்காமல் கேட்டான்.

"தொழுமிடம் எங்கே?"

"ஏரிக்கரையில ஐயா."

"யார் யார் அங்கே?"

"காரி, செவலை, வெள்ளச்சி, மயிலை... மொத்தம் பதினொண்ணு."

பதினொன்று என்றதும் அவனுக்குச் சிவனின் பதினொரு ருத்திரர்கள் நினைவு வந்தது. கொஞ்சம் மரியாதையாக எழுதிக்கொண்டான்.

"எத்தனை காலம்?"

கோயிலில் எத்தனை காலப் பூசை என்று கேட்பது வழக்கம். அதைத்தான் கேட்டான். ஆவுடையாள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இதென்ன ஐயா கேள்வி? எல்லாத்துக்கும் நாலு காலுதான். ஒண்ணுக்கு மட்டும் மூணுன்னு சொல்லலாம்."

தினம் நான்கு காலம், ஒருவருக்கு மட்டும் மூன்று என்று எழுதினான்.

"எப்படி?"

"எப்படின்னா? விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிப்பேன். பெருக்குவேன், கழுவி விடுவேன். உச்சிக்கு ஒரு தரம் தண்ணி சுமப்பேன், பொழுது சாய ஒரு தரம். முடியாததுக்குத்தான் முதல்ல. எல்லாம் வாய் வச்ச பிறகுதான் நான் சாப்பிடறது."

"விரதம் உண்டா?"

"அதுகளுக்கு இல்லாத அன்னிக்கு எனக்கும் இல்லை."

வீழிநாதன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். எதிரே ஒரு கறுத்த பொம்பளை, காலில் சேறு, கையில் கயிற்றுத் தழும்பு. எண்பது பேரிடமும் கேட்காத குரலில் மூன்றாவது கேள்வியைக் கேட்டான்.

"எதற்காக அம்மா?"

"எதுக்கா?" அவளுக்குக் கேள்வி புரியவில்லை. "அதுக இருக்குதே ஐயா."

"பதிலுக்கு என்ன கேட்பாய்? மழையா? சொர்க்கமா? பாவமன்னிப்பா?"

ஆவுடையாள் சிரித்துவிட்டாள். "அதுககிட்டயா? குடுக்கறது குடுக்கும். குடுக்காததும் நாலஞ்சு இருக்கு. அதுக்கும் அதே தண்ணிதான்."

வீழிநாதன் எழுத்தாணியைக் கீழே வைத்தான். பிறகு எடுத்து, தன் கையெழுத்திலேயே நல்ல கையெழுத்தாக எழுதினான்: கொடுக்கும் தெய்வத்துக்கும் கொடாத தெய்வத்துக்கும் ஒரே நீர்.

பன்னிரண்டாம் நாள் ராசா எல்லா ஓலைகளையும் படிக்கச் சொன்னார். குருக்கள் சொன்னது அழகாக இருந்தது. லெப்பை சொன்னது தெளிவாக இருந்தது. உபதேசியார் சொன்னதைக் கேட்டு இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு விண்ணப்பம் இருந்தது. மழை வேண்டும், வழி வேண்டும், வீடுபேறு வேண்டும்.

பிறகு ஏரிக்கரை ஓலை வந்தது. அதன் கடைசியில் விண்ணப்பமே இல்லை.

"கேட்காமல் தொழுவது பெரிய நிலை" என்றார் குருக்கள். லெப்பை கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தார். உபதேசியார் மார்பில் சிலுவை வரைந்துகொண்டார். தாங்கள் தோற்றதை அந்த நிமிஷம் மூன்று பேருமே மறந்திருந்தார்கள்.

"ஏரி அந்தத் தொழுமிடத்துக்கு" என்றார் ராசா. "நாளை நானே போய்த் தரிசிக்கப் போகிறேன்."

பிரதானி திகைத்தார். ராசா அரண்மனை வாசலைத் தாண்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

செய்தியைக் கொண்டுவந்த சேவகன் கரையில் நின்றபடியே சத்தம் போட்டான். "ஏரிக்கரைத் தொழுவுக்கே ஏரி! நாளைக்கு ராசா வர்றார்!"

ஆவுடையாள் அவனை இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னாள். ராசாவுக்கு மாடு பிடிக்கும் போலிருக்கிறது, இத்தனை நாளும் நமக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் பதினொரு மாட்டையும் தேய்த்துத் துடைத்து, கொம்புக்கு எண்ணெய் தடவினாள். நொண்டிச்சிக்கு இரண்டு தரம் தடவினாள்.

மறுநாள் வெயில் ஏறியபிறகு ராசா வந்தார். கரைக்கு அப்பாலேயே பல்லக்கிலிருந்து இறங்கினார். பாதக்குறட்டைக் கழற்றிவிட்டு, சுடுமணலில் வெறுங்காலோடு நடந்தார். பின்னால் பிரதானி. அவருக்குப் பின்னால் குருக்கள் தட்டில் மாலையோடு, லெப்பை அத்தரோடு, உபதேசியார் ஒரு மெழுகுவர்த்தியோடு. கடைசியில் ஓலைக்கட்டோடு வீழிநாதன்.

ஆவுடையாள் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"எழுந்திரு அம்மா. அந்தப் பதினொருவர் எங்கே?"

அவள் தொழுவைக் காட்டினாள். ராசா குனிந்து உள்ளே பார்த்தார். காரி அவரைப் பார்த்துக்கொண்டே சாணி போட்டது.

"யார் இவர்கள்?"

"அதான் மகாராசா, பதினொண்ணு. அந்தா, அதுக்குத்தான் மூணு காலு. நொண்டிச்சி."

பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு சேவகர்கள். கரை முழுக்கச் சிரிப்பு ஓடியது. ராசாவின் காது மடல் சிவந்தது. வெறுங்காலோடு நிற்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாட்டுக் கொட்டிலைக் காட்டி மகாராசாவையே ஏமாற்றியிருக்கிறாள்" என்றார் பிரதானி. "தொழுவைப் பிரித்துப் போடுங்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போங்கள்."

"என் தொழுவைத்தானே சாமி கேட்டீங்க?" என்றாள் ஆவுடையாள். "பதிஞ்சா நிக்கும்னு சொன்னாங்களே."

அப்போது வீழிநாதன் முன்னால் வந்தான்.

"தப்பு என்னுடையது மகாராசா. எங்கள் ஊரில் இதைக் கொட்டில் என்போம். தொழு என்றதும் நான் கும்பிடும் இடம் என்று எழுதிவிட்டேன். இந்த அம்மாள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை."

சிரிப்பு இன்னும் பெரிதானது. ராசாவுக்கு அது இன்னும் மோசம். ஏமாற்றப்பட்டவர் என்றாலாவது கோபப்படலாம். வெறும் எழுத்துப் பிழையைத் தேடி வெறுங்காலோடு வந்தவர் என்றால் என்ன செய்வது? அவர் ஆவுடையாளைப் பக்கத்தில் கூப்பிட்டார். சன்னமான குரலில் பேசினார்.

"இந்த மாடுகளைத்தான் தெய்வமாகத் தொழுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல். பசுவைத் தொழுகிறவர்கள் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. சொன்னால் என் தீர்ப்பு தீர்ப்பாக நிற்கும். ஏரி உனக்கு. சொல்லாவிட்டால் பிரதானி சொன்னதுதான் நடக்கும்."

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் ஏரி, தொழு, பதினொரு உயிர், எல்லாம் நிற்கும். ஆவுடையாள் மாடுகளைப் பார்த்தாள். சினைமாடு ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. சொல்லிவிடலாம் என்றுதான் அவள் முதலில் வாயைத் திறந்தாள். வேறு என்னவோ வந்தது.

"இல்லையே மகாராசா."

"என்ன இல்லை?"

"குருக்களய்யா வீட்டுல பசுவை லட்சுமின்னுவாங்க. அவங்களுக்கு அப்படி. நான் இதுகளோடயே கிடக்கிறவ. சாமின்னா கால்ல விழணும். இந்தக் காரி கால்ல விழுந்தா உதைக்கும்." யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சாமி பெரிசு மகாராசா. ஒரு வேளை தவறினாலும் பொறுத்துக்கும். மாடு பொறுக்காது. அதுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதனாலதான் நான் நேரம் தவற விடறதில்லை. சாமின்னு நினைச்சிருந்தா நானும் ஒரு நாள் ரெண்டு நாள் விட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு அவள் நிழலைப் பார்த்தாள். நிழல் காலடிக்கு வந்திருந்தது. உள்ளே ஒரு மாடு குரல் கொடுத்தது. அதைக் கேட்டு மற்றொன்று.

"உச்சியாயிடுச்சு. தண்ணி காட்டிட்டு வந்துடறேன். என்ன தண்டனையோ, வந்து வாங்கிக்கறேன்."

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். ராசாவுக்கு முதுகைக் காட்டி அதற்கு முன் யாரும் போனதில்லை. சேவகர்கள் ஈட்டியைத் தூக்கினார்கள். ராசா கையைக் காட்டி நிறுத்தினார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெடித்த ஏரித் தரையில் அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஆள் சிறுத்து, குடம் சிறுத்து, நடுவில் இருந்த குட்டையை அடைந்தாள். மொண்டாள். திரும்பி வந்தாள். முதல் குடம் நொண்டிச்சிக்கு. அது குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். மறுபடி இறங்கினாள்.

குருக்கள் கையில் இருந்த தட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"மகாராசா, உச்சிக்காலம்" என்றார்.

"அதற்கென்ன?"

"உச்சிக்காலப் பூசை. பன்னிரண்டு நாளா வாதத்துக்கு வந்து வந்து, சாயங்காலத்தோட சேர்த்துப் பண்ணிண்டிருக்கேன். சுவாமி பொறுத்துப்பார்னு..." தட்டைக் கரையில் வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் வேகமாக நடந்தார்.

லெப்பை தொண்டையைச் செருமினார். "நான் அரண்மனைத் தாழ்வாரத்துலயே தனியா மத்தியான லுஹர் தொழுதுக்கிட்டேன் மகாராசா. பள்ளியில சனங்க முன்னால நின்னு தொழவைக்க ஆளில்லாம காத்து நின்னாங்க. இன்னிக்கும் நிப்பாங்க." சலாம் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

உபதேசியார் ராசாவைப் பார்க்கவில்லை. "மத்தியான மணி அடிச்சாத்தான் வலைக்காரங்க கையை நிறுத்திட்டு செபம் சொல்லுவாங்க. பன்னிரண்டு நாளா மணி அடிக்கலை" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. மெழுகுவர்த்தியை மடியில் செருகிக்கொண்டு ஓடவே ஆரம்பித்தார். அவருக்கு வயது அறுபது.

ஒருவரும் உத்தரவு கேட்கவில்லை. ஒருவரும் மற்றவர் எங்கே போகிறார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் ராசா, பிரதானி, வீழிநாதன், சேவகர்கள், மாடுகள். ஆவுடையாள் ஐந்தாவது குடத்தோடு ஏறி வந்தாள். வேர்வை கண்ணில் இறங்கியிருந்தது.

"ஏனம்மா இவ்வளவு தூரம் போகிறாய்?" என்றார் ராசா. "கரையை ஒட்டியே தண்ணீர் நிற்குமே. நான் சின்னப் பிள்ளையில் இங்கே குளித்திருக்கிறேன்."

"நின்னுச்சு மகாராசா, உங்க ஐயா காலத்துல. அப்போ வருஷா வருஷம் வண்டல் எடுத்தாங்க. இப்போ ஏரியில பாதி மண்ணு. மழை பெஞ்சாலும் எங்க நிக்கும்?"

அவள் குடத்தைக் கவிழ்க்கப் போனாள். ராசா ஏரிக்குள் இறங்கினார். மடை இருந்த இடத்துக்குப் போனார். கல் சரிந்து, மண் இடுப்பளவு ஏறி, அதில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. இதைப் பற்றி அவருக்கு ஓலைகள் வந்தன. மூன்று வருஷத்தில் எத்தனையோ வந்தன. கடைசியாக வந்ததன் அடியில், எந்தத் தெய்வம் என்று முதலில் முடிவாகட்டும் என்று எழுதித் திருப்பியது அவருக்கு நினைவிருந்தது.

அங்கேயே நின்றார். மேலே மாடுகள் உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்டது. ஊருக்குள்ளிருந்து கோயில் மணி கேட்டது. பாங்கு கேட்டது. கொஞ்சம் தாமதமாக, மூச்சு வாங்கிக்கொண்டு அடிப்பதுபோல, தேவமாதா கோயில் மணியும் கேட்டது.

பிரதானி வழுக்கிக்கொண்டே இறங்கி வந்தார்.

"மகாராசா, தீர்ப்பு?"

"என்னுடைய உச்சிக்காலம் எப்போதோ தப்பிவிட்டது பிரதானி" என்றார் ராசா. "ஏரி யாருக்கும் மானியம் இல்லை. எல்லோரும் மொள்ளட்டும். நாளை விடிந்ததும் வண்டல் எடுக்க ஆட்கள் வரவேண்டும், நானும் வருவேன். தொழு நிற்கட்டும்."

வீழிநாதன் எழுத்தாணியை எடுத்தான். எடுத்தவன் நிறுத்தினான். இந்த முறை தலையைத் தூக்கிக் கேட்டான்.

"எந்தத் தொழு மகாராசா?"

"எல்லாத் தொழுவும்" என்றார் ராசா.

சித்திரை முழுக்க, வைகாசி முழுக்க ஏரியில் மண் எடுத்தார்கள். குருக்கள் பூசை முடித்து வந்தார், லெப்பை தொழவைத்துவிட்டு வந்தார், உபதேசியார் மணி அடித்துவிட்டு வந்தார். யாருடைய தெய்வம் பெரியது என்று கூடையை மாற்றிக்கொள்ளும்போது சில சமயம் சண்டை போட்டார்கள். கூடை கனமாக இருந்ததால் சண்டை நீளவில்லை.

அந்த வருஷமும் மழை கொஞ்சம்தான் பெய்தது. பெய்தது தங்கியது. ஐப்பசிக் கடைசியில் தண்ணீர் கரையைத் தொட்டது. ஆவுடையாளின் மாடுகள் தாமாகவே இறங்கிக் குடித்துவிட்டு ஏறின.

இதனால் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது: எந்த வாசலில் நின்று யாரைத் தொழுதாலும், நம்மை நம்பிக் காத்திருக்கும் உயிருக்கு வேளை தவறாமல் செய்வதும் அந்தத் தொழுகையைச் சேர்ந்ததே.